குளிர்க்குழாயைக் கழுவியவள் நான்

இக்கூட்டத்தின் தலைமை ஏற்று வீற்றிருக்கும் நம் மருந்தகக் கமிட்டித் தலைவர் ஜெபதுரை ஐயா அவர்களே! மதம் பார்க்காது மனம் பார்த்து, நம் மருந்தகத்துக்குக் குளிர்ப்பெட்டியை வழங்கிய ஸ்ரீவில்லிபுத்தூர் ஜவுளிக்கடை சாரங்கபாணி சுவாமி அவர்களே! மில்லிலிருந்து நேரே, தலையில் ஒட்டிய பஞ்சோடு வந்து நிற்கும் ராஜபாளையத்துச் சகோதரர்களே! மடியில் பிள்ளையும் கையில் விசிறியுமாய் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! நம்மைக் காக்கும் கர்த்தரை நெஞ்சில் நிறுத்தி, உங்கள் அனைவரையும் கும்பிடுகிறேன்.

நன்றி சொல்வதற்கென்றே இந்தக் கிருபாபாயை மாலை போட்டு மேடை ஏற்றினார்கள். நன்றி பொறவு. முதலில் ஓர் உண்மை.

இன்று இந்தக் கூட்டம் எடுத்த முடிவு என்ன? பெட்டி குளிரவில்லை, ஆகவே திருப்பி அனுப்புவது. குழாய் பதித்த ஃபிட்டர் எலியேசருக்கு வேலை தெரியவில்லை, ஆகவே அவரை விலக்குவது. இரண்டுக்கும் கை தூக்கினீர்கள். நான் தூக்கவில்லை. ஏன் தூக்கவில்லை?

அந்தப் பெட்டி எதற்கு வந்தது? முன் வரிசையில் இருக்கிறாள் ரத்தினம். போன சித்திரையில் செண்பகத்தோப்புக்கு விறகெடுக்கப் போன அவள் புருஷன் வேலுசாமியைப் பாம்பு தீண்டியது. கட்டிலோடு தூக்கி வந்தார்கள். மருந்து இருந்தது! ஊசி இருந்தது! போடுவதற்கு டாக்டர் இருந்தார்! ஆனால் வெயிலில் வெந்த அந்த மருந்தில் வீரியம் இல்லை. அதற்காகத்தான் பெட்டி. பின்கட்டில் மிஷின், உள்ளறையில் பெட்டி, இரண்டுக்கும் நடுவே குளிர் வாயு ஓடுவதற்கு இருபத்திரண்டு அடி செப்புக்குழாய்.

எலியேசர் வாயு வாங்க மதுரைக்குப் போனபோது, குழாயை என் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். "அக்கா, ரெண்டு முனையிலயும் ரப்பர் மூடி இருக்கு. கழத்திராதீக" என்றார். நான் கழற்றினேன்! உள்ளே பச்சையாய்க் களிம்பு. அம்மாமாரே, களிம்பேறிய செம்பில் நாம் தண்ணீராவது குடிப்போமா? மருந்துக்குப் போகும் குழாயில் விஷம் இருக்கலாமா என்று பதறினேன். புளியைக் கரைத்தேன், ஊற்றினேன், உலுக்கினேன், மூன்று குடம் தண்ணீர் விட்டு அலசினேன், ஜெபம் பண்ணி மூடியைப் போட்டேன்!

ஏட்டி சுந்தரம்மா, சிரிக்காதே. நீயாயிருந்தால் சாம்பலும் போட்டிருப்பாய்!

குழாய்க்குள் மருந்து போவதில்லை, வாயுதான் போகிறது என்பது அன்று எனக்குத் தெரியாது. எலியேசர் திரும்பி வந்து குழாயைப் பதித்து மிஷினை ஓட்டியபோது, உள்ளே தங்கிய ஈரம், வாயு நுழைகிற ஊசித்துவாரத்தில் பனிக்கட்டியாய் உறைந்து வழியை அடைத்துவிட்டது. நேற்று எலியேசர் குழாயைக் கழற்றிச் சாய்த்தார். புளித்தண்ணீர் சொட்டியது. என்னைப் பார்த்தார். நான் தலை குனிந்தேன். கமிட்டியார் வந்து கேட்டபோது அவர் என்ன சொன்னார் தெரியுமா? "என் வேலைலதான் பிசகு இருக்கும் ஐயா."

பிறகு நான் கேட்டேன்: "ஏன்யா, என் பேரைச் சொல்லலை?"

"சுத்தமா இருக்கணும்னுதானக்கா கழுவுனீக. உங்களை எப்படிச் சபையில நிறுத்த?"

அவர் நிறுத்தவில்லை. நானே வந்து நிற்கிறேன்! தப்பு செய்தவள் மாலை போட்டுக்கொண்டு மேடையில் நிற்கவும், தப்பு செய்யாதவர் தூணுக்குப் பின்னால் நிற்கவும் விடலாமா? என் வாய் பூட்டியிருக்க, அவர் பிழைப்பு போகலாமா?

பின்னால் யார்? "இனி என்ன செய்ய?" என்றா கேட்கிறீர்கள்? கேளுங்கள், உரக்கக் கேளுங்கள்!

எலியேசரிடம் வழி உண்டு. குழாயின் நீளம் முழுக்க அடுப்பு வைத்து அனல் காட்டி ஈரத்தை ஓட்ட வேண்டும். பம்பு வைத்து உள்ளே உள்ள காற்றையெல்லாம் இழுத்துவிட வேண்டும். மூட்டுக்கு மூட்டு சோப்பு நுரை தடவி, கடுகளவு குமிழி எழுந்தாலும் கண்டுபிடித்து முடுக்க வேண்டும். இரண்டு நாள் வேலை. அடுப்பு அணையாமல் பார்க்க ஆள் வேண்டுமா? நாம் இருக்கிறோம்! நுரையில் குமிழி பார்க்கக் கண் வேண்டுமா? நெல்லில் கல் பார்க்கும் கண் நம்முடையது!

தலைவர் ஐயா, இரண்டே நாள் தாருங்கள். சனிக்கிழமை ரயிலில் பாம்புக்கடி மருந்து வருகிறது. அதற்குள் பெட்டி குளிராவிட்டால், வண்டி பிடித்து நானே அதைச் சுவாமி வீட்டு வாசலில் இறக்குகிறேன். ஆனால் குளிரும்! குளிர வைப்போம்! இன்னொரு ரத்தினம் இந்த ஊரில் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு அழக்கூடாது!

என்ன ரத்தினம், எழுந்துவிட்டாய்? சத்தமாய்ச் சொல், தாயே.

"எங்க வீட்டு அடுப்பை நான் தூக்கிட்டு வாரேன், அக்கா."

கேட்டீர்களா சபையோரே! முதல் அடுப்பு அவளுடையது. மற்றவர்கள்? அடடா, எத்தனை கைகள்! தலைவர் ஐயாவின் கையும் அல்லவா உயர்கிறது!

இப்போது சொல்கிறேன் நன்றி. தலைமைக்கு நன்றி, தந்தவருக்கு நன்றி, வந்தவர்க்கெல்லாம் நன்றி. எலியேசர் தம்பி, தூணை விட்டு வெளியே வாரும். இந்த மாலை உமக்குரியது. வாங்கிக்கொண்டு, விடிந்ததும் வேலையைச் சொல்லும். மூடியை நீர் கழற்றச் சொன்னாலன்றி, இந்தக் கை அதைத் தொடாது.

அனைவருக்கும் சமாதானம். வணக்கம்.