ஜாடிக்குள்ள பேசுறவுக

ஆண்டியப்பன்: எழுதி வச்சுக்க மாப்ள. காரைக்குடியிலருந்து கன்னியாகுமரி வரைக்கும், மனசுக்குள்ள ஒளிச்சு வைக்க ஒண்ணுமே இல்லாத மனுசன் ஒருத்தன் இருக்கான்னா… அது நான்தான்.

நவநீதன்: சரி மச்சான். அந்தத் திருப்புளிய எடு.

ஆண்டியப்பன்: வெளையாட்டுக்குச் சொல்லலடா. எக்ஸ்ரே எடுத்துப் பாரு. உள்ள ஒண்ணும் இருக்காது.

நவநீதன்: எலும்புமா?

ஆண்டியப்பன்: எலும்பு இருக்கும். ரகசியம் இருக்காது. அதான், இந்தக் கலைக்கும் நமக்கும் ஒத்து வராதுங்கிறேன்.

நவநீதன்: ஒத்து வர வேணாம். மேடை ஆடுது. அங்குட்டு அமுக்கிப் பிடி, போதும்.

ஆண்டியப்பன்: பிடிச்சுத்தான் இருக்கேன்… இல்ல, நான் தெரியாமத்தான் கேக்குறேன். பெரிய ஊறுகாய் ஜாடி ஏழு, இந்த மேடையில வரிசையா வச்சு, ‘யாரிடமும் சொல்லாததை இதற்குள் சொல்லுங்கள், சொன்னதும் மூடிவிடுங்கள்’னு ஒரு அட்டைய மாட்டிட்டா அது படைப்பாம். எங்க அம்மா மாங்காயப் போட்டு மூடுச்சே, அது என்ன?

நவநீதன்: அது ஊறுகாய்.

ஆண்டியப்பன்: அதுலயாச்சும் தொட்டுக்க ஏதாவது கெடைக்கும். நேத்து கண்காட்சி முன்னோட்டத்துக்கு வந்த கூட்டத்துல ஒருத்தரு, கோட்டுப் போட்ட ஆளு… தலைய உள்ள விட்டுக்கிட்டுப் பத்து நிமிசம் பேசுறாரு. அழுகை வேற. வெளிய எடுத்தா மூக்கு நுனியில தூசி. ‘வெரி பவர்ஃபுல்’ங்கிறாரு. நான் வாயில துண்ட வச்சு அடச்சுக்கிட்டேன்.

நவநீதன்: அடச்சியா? கீழத்தெரு வரைக்கும் கேட்டுச்சு ஒஞ் சிரிப்பு.

ஆண்டியப்பன்: சிரிக்காம? பேசணும்னா மனுசன்கிட்டப் பேசு. ஆளு கெடைக்கலையா, நாய்கிட்டப் பேசு. அது வாலையாவது ஆட்டும். ஜாடிக்குள்ள பேசுறவுகளப் பாத்தா எனக்கு…

தீக்ஷா: அண்ணே! ரெண்டாவது ஜாடியில விபூதி பூசுனது யாரு?

நவநீதன்: வந்துருச்சு, வாக்கி டாக்கியும் தீக்ஷா தாயியும். வாலண்டியர்னா இப்புடித்தான் ஓடிக்கிட்டே இருக்கணுமா?

தீக்ஷா: காலேஜுல மார்க்கு போடுவாகண்ணே. விபூதி!

ஆண்டியப்பன்: நாங்க இல்ல. நேத்து நேமத்தான்பட்டியிலருந்து ஒரு ஆச்சி வந்துருந்தாக. உண்டியல்னு நெனச்சுக்கிட்டாக. பத்து ரூவாயப் போட்டு, விபூதியப் பூசி, கன்னத்துல போட்டுக்கிட்டுப் போயிட்டாக.

தீக்ஷா: நீங்க தடுக்கலையா?

நவநீதன்: கும்புடுறவுகள எப்புடித் தாயி தடுக்குறது? நானும் பழக்க தோசத்துல கும்புட்டுட்டேன்.

தீக்ஷா: ஐயோ… இங்க பாருங்க. ஆர்ட்டிஸ்ட், விபூதியும் இப்ப படைப்புல சேந்துருச்சு, தொடாதீகன்னு சொல்றாரு. கேலரி மேடம், தொடச்சே ஆகணும்னு சொல்றாக. நான் யாரு பேச்சக் கேக்குறது?

ஆண்டியப்பன்: பாதியத் தொடச்சுருவோம்.

தீக்ஷா: அண்ணே, சீஃப் கெஸ்ட் பிள்ளையார்பட்டியில தரிசனத்த முடிச்சுட்டுக் கெளம்பிட்டாராம். இப்ப வந்துருவாரு. மேடை இன்னும் ஆடுது. கண்காட்சிக்கு விட்ட இந்த வீட்டோட பங்காளி ஒருத்தரு வேற மலேசியாவுலருந்து போன் போட்டு, செவுத்துல ஆணி அடிச்சாகளா அடிச்சாகளான்னு கேட்டுக்கிட்டே இருக்காரு.

நவநீதன்: ஒரு ஆணி கூட அடிக்கல. எல்லாப் படமும் நாங்க செஞ்ச சட்டத்துலதான் நிக்குது. வேணும்னா வீடியோ கால்ல வரச் சொல்லு, தடவிக் காட்டுறேன்.

தீக்ஷா: அப்பறம்… கெஸ்ட் வந்ததும் நீங்க ரெண்டு பேரும் பின்கட்டுக்குப் போயிருங்க. மேடம் சொல்லச் சொன்னாக. சட்டையெல்லாம் பெயிண்டா இருக்குல்ல…

ஆண்டியப்பன்: நாங்க என்ன பாக்கவா வந்துருக்கோம்? பொழப்பில்லாதவன் பாப்பான் படத்த.

தீக்ஷா: இன்னொண்ணு. அந்தச் சென்னை வேலை. விழா முடிஞ்சதும் யாருன்னு சொல்லிருவாகளாம். மேடத்தோட கேலரியில படம் மாட்டுற வேலை, நெரந்தரம். ஆனா ஒருத்தருதான்.

ஆண்டியப்பன்: அதுக்கு எதுக்கு விழா முடியணும்? காலையிலயே மேடத்துக்கிட்டச் சொல்லிட்டேன், நவநீதனக் கூட்டிட்டுப் போங்கன்னு.

நவநீதன்: நானும் சொல்லிட்டேன். ஆண்டியப்பன் மச்சானக் கூட்டிட்டுப் போங்கன்னு.

தீக்ஷா: நீங்க இவரச் சொன்னீக… இவரு ஒங்களச் சொன்னாரு…

ஆண்டியப்பன்: ஆமா. ஏன் முழிக்கிற?

தீக்ஷா: இல்ல… மேடம் வேற மாதிரி…

நவநீதன்: வேற மாதிரின்னா?

தீக்ஷா: வாக்கி கூப்புடுதுண்ணே. வாரேன் மேடம், வாரேன்!

ஆண்டியப்பன்: …போயிருச்சு.

நவநீதன்: ம்.

ஆண்டியப்பன்: என்னவோ சொல்ல வந்துச்சு.

நவநீதன்: சின்னப்புள்ள. நாலு நாளாத் தூக்கமில்ல அதுக்கு.

ஆண்டியப்பன்: ஒனக்குச் சந்தோசந்தான மாப்ள? நான் ஒம் பேரச் சொன்னது?

நவநீதன்: சந்தோசந்தான். ஒனக்கு?

ஆண்டியப்பன்: எனக்கென்ன, பூரிப்பு. ஆனா மெட்ராஸ் ஒரு ஊரா மாப்ள? வேர்த்துக்கிட்டே இருக்கணும்.

நவநீதன்: இங்க மட்டும் என்ன, குளுகுளுன்னா இருக்கு?

ஆண்டியப்பன்: இது நம்ம வேர்வைடா.

நவநீதன்: அப்ப நீ போக மாட்டேங்கிற.

ஆண்டியப்பன்: நான் எங்க அப்புடிச் சொன்னேன்? கூப்புட்டா… மரியாதைக்காக யோசிக்கணும்ல. நீ?

நவநீதன்: நானும் மரியாதைக்காகத்தான்.

ஆண்டியப்பன்: ம்… யாரு போனாலும் நம்ம பட்டறையப் பூட்டணும். படம் வர்ற ஒவ்வொரு பெட்டியும் ரெண்டாளு கனம். மிச்சம் இருக்குறவன் என்ன செய்வான், கல்யாணப் பந்தலுக்குக் கால் நடப் போவான்.

நவநீதன்: அதப் பத்தித்தான் நானும்…

ஆண்டியப்பன்: என்ன?

நவநீதன்: ஒண்ணுமில்ல. இந்தப் பக்கம் ஆப்பு பத்தல. இன்னும் ஆடுது பாரு. லாரியில பலகைத் துண்டு கெடக்கும், எடுத்தாறேன்.

ஆண்டியப்பன்: ஓடு. கெஸ்ட் வந்து கைய வச்சாரு, ஜாடியோட கவுந்துருவாரு.

நவநீதன்: நீ இங்கயே நில்லு. எதையும் தொடாத.

ஆண்டியப்பன்: இதுல தொடுறதுக்கு என்ன இருக்கு? போ, போ…

ஆண்டியப்பன்: மாப்ள?… டேய், நவநீதா?… போயிட்டான்.

ஆண்டியப்பன்: தாயி?… ஒருத்தரும் இல்ல.

ஆண்டியப்பன்: சும்மா… சத்தம் எப்புடிக் கேக்குதுன்னு ஒரு டெஸ்ட் பண்ணணும்ல. மாட்டுனவன் பொறுப்பு. …ஹலோ. …ஹலோ, ஹலோ. …ம். கெணத்துக்குள்ள பேசுற மாதிரித்தான் இருக்கு.

ஆண்டியப்பன்: இந்தா பாரு, ஜாடி. காலையில நான் மேடத்துக்கிட்ட அவம் பேரச் சொல்லல. எம் பேரத்தான் சொன்னேன். அவுகளுக்குச் சரியாக் கேக்கலையோன்னு இன்னொருவாட்டியும் சொன்னேன்.

ஆண்டியப்பன்: எனக்குப் போகணும். பெட்டியப் பிரிக்கையில படத்த மொதல்ல பாக்குறது நான்தான். மேல் பலகையக் கழட்டி, பேப்பர உருவுனதும்… அப்புடியே தெரியும். அந்த ஒரு நிமிசம் அது எனக்கு மட்டுந்தான். அப்பறம் மாட்டி முடிச்சு லைட்டத் திருப்பி வச்சதும், பின்கட்டுக்குப் போன்னு சொல்லிர்றாக. நேத்து கூட அந்தக் கருப்பு மாட்டுப் படம்… கதவிடுக்குல நின்னுதான் பாத்தேன். பாதி மாடுதான் தெரிஞ்சுச்சு.

ஆண்டியப்பன்: அங்க போனா, காலையில கதவத் தெறக்குறதுக்கு முன்னாடி நடுவுல நின்னு பாக்கலாம். போன்னு சொல்ல ஒருத்தரும் இருக்க மாட்டாக.

ஆண்டியப்பன்: இத நான் எப்புடிப் போயி நவநீதன்கிட்டச் சொல்ல? அவன் பட்டறையில ஒத்தையா… ச்சே. என்ன எழவோ, கண்ணு எரியுது. இந்த ஜாடித் தூசிதான்…

நவநீதன்: மச்சான்.

ஆண்டியப்பன்: யாரு?… டேய்! எங்குட்டு இருந்துடா பேசுற?

நவநீதன்: மேடைக்கு அடியிலருந்துதான். பலகைத் துண்டு இங்கயே கெடந்துச்சு, லாரி வரைக்கும் போகல.

ஆண்டியப்பன்: …எல்லாம் கேட்டுச்சா?

நவநீதன்: நீ சொல்லி முடிச்சுட்டீன்னா மூடியப் போட்டு அங்குட்டு நகரு மச்சான். நானும் மேடத்துக்கிட்ட எம் பேரத்தான் சொல்லியிருக்கேன்… கெஸ்ட் வாரதுக்குள்ள எனக்கும் ஒரு ஜாடி வேணும்.