அடுத்த வரி

காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ராஜபாளையம் பஸ் ஏறினேன். திருமண்ணும் ஜால்ராவுமாக ஒரு பஜனை கோஷ்டி. பத்துப் பேர் பின் சீட்டுகளில், இருவர் எனக்கு முன்னால்.

"மாமா, நீங்க பாசுரத்த மறந்ததுதான் நம்ம மானத்தக் காப்பாத்துச்சு."

"பேசாதலே. ஆண்டாள் பொறந்த ஊருல, மாடவீதியில நின்னு மறந்துட்டேன்."

"மறந்தீய, சரி. 'ஏலே, அடுத்த வரி என்ன'ன்னு ராகத்தோடயா கேப்பீய?"

"வாயில அப்படியே வந்துருச்சு. நீங்க எதுக்குலே அதத் திருப்பிப் பாடுனீய?"

"நீங்க பாடுனா நாங்க திருப்பிப் பாடணும். இம்புட்டு வருசமா அதான பழக்கம்?"

பெரியவர் சிரித்துவிட்டார்.

"மானம் போச்சுன்னு கண்ண மூடிட்டேன். தொறந்து பாத்தா, கோலம் போட்ட பொம்பளையில இருந்து பால்கோவாக் கடைக்காரர் வரைக்கும் அடுத்த வரிய எடுத்துப் பாடுதாவ!"

"வீதியே பாடுச்சு மாமா! இதுவரைக்கும் எந்த கோஷ்டிக்கு அப்படிப் பாடிருக்காவ? அடுத்த மார்கழிக்கும் நம்மளத்தான் வரச் சொல்லிட்டாவ."

கண்டக்டர் வந்து எங்கே என்று கேட்டார். பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ராஜபாளையம், பன்னெண்டு!"

பின் சீட்டுகளிலிருந்து பத்துக் குரல்களும் அதே சுருதியில் எழுந்தன.

"ராஜபாளையம், பன்னெண்டு!"