ஏழாவது வார்டு நாற்காலி

ஹலோ… ஹலோ, தேவிப்ரியாவா? … ஆங், நான் செந்தமிழ்ச்செல்வி பேசறன்மா. … எந்த செந்தமிழ்ச்செல்வியா? ஏம்மா, நம்ம பேரூராட்சியில எத்தினி செந்தமிழ்ச்செல்வி கவுன்சிலரா இருக்கறாங்க? ஏழாவது வார்டு.

… ஆமா, ஆமா. நான்தான். … புது நம்பரு இல்லம்மா, பத்து வருஷமா இதே நம்பருதான். உன் போன்ல என் பேர போட்டு வச்சிருக்கறது எங்க வூட்டுக்காரரு நம்பரு. … தெரியும், தெரியும். அதான் நான் பேசனா உனக்கு யாருன்னே தெரியல.

சரி, அத வுடு. மீட்டிங் ஆரம்பிச்சாச்சா?

… ஆரம்பிச்சாச்சா. எப்பம்மா? வெள்ளிக்கெழமன்னுதான சொன்னாங்க, இன்னிக்கி புதன்கெழம. … மாத்திட்டாங்களா. யாருகிட்ட சொல்லி மாத்தனாங்க?

… குரூப்ல போட்டீங்களா. எந்த குரூப்ல? … கவுன்சிலருங்க குரூப்ல. அதுல நான் இருக்கறனா? … நல்லா பாரு. … இல்லல்ல? நாலாவது வார்டு பெரியம்மா அக்கா இருக்கறாங்களா? … அவங்க பையன். சரி, கொளஞ்சியம்மா? … அவங்க தம்பி. ஆக பதினஞ்சு கவுன்சிலருல நாங்க எட்டு பேரு பொம்பளைங்க, எட்டு பேரு நம்பருல ஒண்ணு கூட கெடையாது. அதுக்குப் பேரு கவுன்சிலருங்க குரூப்பு.

… கோவமா பேசலம்மா. … இல்ல, கோவமாத்தான் பேசறன். உன் மேல இல்ல.

நானா? நான் மலையில இருக்கறன். வெள்ளிமலையிலேர்ந்து ஜீப்புல எறங்கிகினு இருக்கறன். … இரும்மா, ஒரு நிமிஷம். மாயவண்ணே, இந்த வளைவுலயே ஓரங்கட்டுங்க. கீழ போனா டவர் போயிடும். … அஞ்சு நிமிஷம்ண்ணே, ஆபீஸ்ல பேசறன். பின்னாடி ஒக்காந்துகினு இருக்கறவங்க கோச்சிக்காதீங்க. … ஹலோ, இருக்கியா? ஆங், சொல்லு.

… எதுக்கு மலைக்குப் போனன்னா? சுத்திப் பாக்கவா போவன், மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆளில்லாம? செவ்வந்தியப் பாக்கப் போனன். … அதாம்மா, நம்ம செவ்வாச்சந்தையில சாமையும் புளியும் வச்சி விக்குமே, மூணு வாரத்துக்கு முன்னாடி கடையிலயே மயங்கி வுழுந்திச்சே. ஆட்டோவுல தூக்கிகினு போனாங்களே. … ஆங், அதேதான்.

இன்னும் ஏந்திரிச்சி நடமாட முடியல. ஒண்ணுக்கு அடக்கி அடக்கி உள்ள புண்ணாயி கிட்னி வரைக்கும் போயிடுச்சாம். ஏம்மா தண்ணியே குடிக்கறதில்லன்னு டாக்டர் திட்டனாராம். எங்கேர்ந்து குடிக்கும்? விடியக்காலம் நாலு மணிக்கு ஜீப்பு ஏறுதுங்க. வெளிச்சம் வரதுக்குள்ள சந்தை செவுத்துக்குப் பின்னாடி ஒரு வாட்டி போனா அதோட சரி. அப்பறம் சாயங்காலம் இருட்டற வரைக்கும் ஒரு வாய் தண்ணி எறங்காது. அம்பது அறுவது பொம்பளைங்க, தேவிப்ரியா. வாரா வாரம்.

… கக்கூஸு கட்டி வச்சிருக்குது, கட்டி வச்சிருக்குது. எனக்குத் தெரியாதா? மூணு ரூம்பு, டைல்ஸு, மேல டேங்கு. தெறப்பு விழாவுக்கு எனக்கு சால்வ போட்டாங்க. அன்னிக்கி போட்ட பூட்டுதான். உள்ள இன்னா இருக்குது சொல்லு? பிளீச்சிங் பவுடர் மூட்டையும் கிழிஞ்ச பேனரும்.

அத இடிச்சிட்டு பைக் ஸ்டேண்டு போடறாங்கன்னு கேள்விப்பட்டன். நெசமா?

… அஜெண்டாவுல எத்தினாவது பொருளு? … பதினொண்ணு. இப்ப எதுல நிக்குது? … ஆறுல. நீ இன்னா வெளிய நிக்கற? … டீ சொல்ல வந்தியா. மினிட்ஸ் எழுதறவள டீ சொல்ல அனுப்பறாங்களா. நல்லா இருக்குது.

சரி, கேளு. பதினொண்ணாவது பொருளுக்கு இன்னா எழுதியிருக்கறீங்க? … இன்னும் வரவேயில்ல, எழுதிட்டீங்களா? … நேத்தே டைப் அடிச்சாச்சா. இன்னான்னு? படி. … "மன்றத்தால் பரிசீலிக்கப்பட்டு." அப்பறம்? … "ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது."

ஏகமனதா. நான் இங்க மலையில நின்னுகினு இருக்கறன், என் மனசையும் சேத்து டைப் அடிச்சிட்டீங்க.

… இன்னா? … யாரு கையெழுத்துப் போட்டாங்க? … வருகைப் பதிவேட்டுல என் பேருக்கு நேரா கையெழுத்து இருக்குதா.

… போடுவாரு, எங்க வூட்டுக்காரரு போடுவாரு. என் கையெழுத்த என்னவிட அவரு நல்லா போடுவாரு. எனக்கு அந்த 'ழ்' எப்பவும் சாஞ்சி போவும்.

நீ சொல்லவே வேணாம், எனக்குத் தெரியும் இன்னா நடந்திருக்கும்னு. தலைவர் டீக்கடையில பாத்து, இன்னாப்பா, உங்கூட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களேன்னு கேட்டிருப்பாரு. இவரு, அது இன்னா சொல்லப் போவுது, நான் இருக்கறன்னு சொல்லியிருப்பாரு. முடிஞ்சி போச்சி. இவருக்கு அதுல பத்து காசு வரவு கெடையாது. தலைவர் தோளு மேல கை போட்டுப் பேசனா போதும், வூட்டையே எழுதிக் குடுத்துடுவாரு. காலையில எம் பொண்ணு எழில்மதி போன் பண்ணி, அம்மா, அப்பா வெள்ளச் சட்ட போட்டுகினு உன் மீட்டிங் பைய எடுத்துகினு போறாருன்னு சொன்னா. அப்பதான் ஓடி வந்து ஜீப்பு ஏறனன்.

… நானும்தான். ஆமா, நானும்தான் சும்மா இருந்தன். மூணரை வருஷமா அவரு நீட்டன எடத்துல கையெழுத்துப் போட்டுகினு, எனக்கு இன்னா தெரியும்னு பால் கறந்துகினு இருந்தன். ஒத்துக்கறன். நேத்து செவ்வந்தி கட்டில்ல படுத்துகினே என்னக் கேக்குது, நீதான கவுன்சிலரு, அந்தப் பூட்டத் தொறக்கச் சொல்லக் கூடாதான்னு. நான் இன்னா சொன்னன் தெரியுமா? எங்க வூட்டுக்காரர கேட்டு சொல்றன்னு சொன்னன். அது சிரிச்சிது. காய்ச்சல்ல சிரிக்க முடியாம சிரிச்சிது. எனக்கு அப்பிடியே வெக்கமா போச்சி, தேவிப்ரியா. ராத்திரியெல்லாம் அங்கதான் இருந்தன், காலையில பக்கத்து ஊருங்கள்ல நடந்து அம்பத்து மூணு பேருகிட்ட மனு வாங்கியிருக்கறன். கைநாட்டும் கையெழுத்துமா கட்டப்பையில கெடக்குது. வெள்ளிக்கெழம மீட்டிங்குல குடுக்கலாம்னு.

… வர முடியாதும்மா. எவ்வளோ வேகமா வந்தாலும் ரெண்டு மணி நேரம் ஆவும். அதுக்குள்ள அவங்க ஏகமனதா முடிச்சி, திங்கக்கெழம ஜேசிபி வந்து நிக்கும்.

அதனால நீ ஒண்ணு பண்ணு. உன் போன உள்ள எடுத்துகினு போயி ஸ்பீக்கர்ல போட்டு மேசை மேல வையி.

… முடியாதா. … தலைவர் திட்டுவாரா. … வேல போயிடுமா. … சரிதான். தற்காலிக வேல, உன் பயம் எனக்குப் புரியுது. ஒண்ணும் பேச வேணாம், வெச்சா மட்டும் போதும்னு சொல்றன். … ம்… … ம்… முடியாதுன்னா முடியாது. வுடு.

… இரும்மா, வச்சிடாத. ஒண்ணே ஒண்ணு கேக்கறன், கோச்சிக்காத. ஆபீஸ்ல உனக்குன்னு ஒரு பாத்ரூம் இருக்குதா?

… ஆம்பளைங்களுது பின்னாடி இருக்குது, தெரியும். உனக்கு?

… பேங்க்குக்குப் போறியா. எந்த பேங்க்கு, பஸ் ஸ்டாண்டாண்ட இருக்குதே அதுக்கா? … ஒரு நாளைக்கு ஒரு வாட்டியா. … பேங்க்கு லீவுன்னா? …

ம். … சரி. சரிம்மா. … சரி, அழுவாத. தெரியாம கேட்டுட்டன்.

… இன்னா சொல்ற? … எடுத்துகினு போறியா? … நெசமா? பாரும்மா, எனக்காக வேணாம். … சரி, சரி. மெதுவா போ. டீ டம்ளருங்கள மொதல்ல வையி, அப்பறம் போன வையி.

மாயவண்ணே, அந்தப் பாட்ட நிறுத்துங்கண்ணே. மீட்டிங்குல பேசப் போறன்.

… வணக்கம்ங்க தலைவரே. ஏழாவது வார்டு கவுன்சிலர் செந்தமிழ்ச்செல்வி பேசறன். … வணக்கம்ங்க. … இல்லங்க, அவருகிட்ட பேச வேணாம். அவருகிட்ட வூட்டுல பேசிக்கறன். மன்றத்துல பேசணும். … பதினொண்ணாவது பொருளு பத்தி. … வரட்டும்னா இங்க டவர் நிக்காதுங்க, இப்பவே சொல்லிடறன். சந்தை கக்கூஸ இடிக்கறத நான் எதிர்க்கறன்.

… யாரு சிரிக்கறது? … சிரிக்கட்டும்ங்க. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் போவாம இருந்து பாத்துட்டு அப்பறம் சிரிக்கச் சொல்லுங்க.

… ஆமாங்க. … ஆமாங்க. … போன்ல சொன்னா செல்லாதுங்களா. நேர்ல ஒக்காந்திருந்தாதான் செல்லுமா. சரிங்க, ஒத்துக்கறன். நான் ஒக்காரல, அதனால நான் சொல்றது செல்லாது. அப்ப எம் பேர்ல ஒக்காந்திருக்கறவரு தூக்கற கையும் செல்லாதுல்லங்க? அவர எந்த ஊரு சனம் ஓட்டுப் போட்டு அனுப்பிச்சிது?

… நான் கத்தலங்க. மலையில காத்து ஜாஸ்தி.

செல்லாதுன்னே எழுதிக்குங்க. ஆனா எழுதணும். தேவிப்ரியா, எழுதிக்கம்மா. ஏழாவது வார்டு உறுப்பினர் தொலைபேசி வழியா எதிர்ப்பு சொன்னாங்க. கலெக்டர்கிட்ட போயி மனு குடுக்கறப்ப காட்டறதுக்கு எனக்கு ஒரு வரி வேணும். போட்டியா? … அடுத்தது, உறுப்பினர் இருக்கையில உறுப்பினர் அல்லாத ஒருத்தர் ஒக்காந்திருந்து, பதிவேட்டுலயும் கையெழுத்துப் போட்டிருக்கறாரு.

… பேரா? பேரு போடணுமா?

… இரு.

… இருக்கறன், இருக்கறன். போவல. கல்யாணமாயி இருவத்தோரு வருஷம் ஆவுது. ரேஷன் கடையில கேட்டாக்கூட கார்ட நீட்டிக் காமிப்பனே தவிர வாயத் தொறந்து சொன்னதில்ல. ஆசுபத்திரியில பிரசவத்துக்குக் கேட்டப்ப எங்க நாத்தனார்தான் சொல்லிச்சி.

எழுதிக்க. இளஞ்செழியன்.

… ஹலோ? … ஹலோ, அங்க யாரு நாற்காலிய தள்ளறது?

… ஏந்திரிச்சிட்டாரா. … வெளிய போறாரா. … ம். போவட்டும்.

… இல்லம்மா, ஒண்ணுமில்ல. … பயமாத்தான் இருக்குது. பயமில்லன்னு சொன்னா பொய்யி. நான் போயி அந்த மூஞ்சியத்தான பாக்கணும்.

தலைவர் இன்னா சொல்றாரு? … ஓட்டுக்கு வுடறாரா. நேரா பதினொண்ணுக்கே வந்துட்டாரா. வுடட்டும்ங்க, தாராளமா வுடட்டும். தேவிப்ரியா, கைய எண்ணி எனக்கு சொல்லு. … பதினாலா.

… சரி. பதினாலு கை. எழுதிக்க.

தலைவரே, ஒண்ணே ஒண்ணுங்க. எம் பேருக்கு எழுதன மாதிரி மத்த வார்டுக்கும் அந்தப் பொண்ணு எழுதிடட்டும்ங்க. நாலாவது வார்டு பெரியம்மா அக்கா இருக்கையில யாரு ஒக்காந்து கை தூக்கனாங்கன்னு பேரு. கொளஞ்சியம்மா இருக்கையில யாருன்னு பேரு. வரிசையா பேரு மட்டும் போதும்ங்க, வேற எதுவும் வேணாம்.

… இல்லங்க, மெரட்டலங்க. நடந்தத எழுதச் சொல்றன்.

… இன்னாம்மா? … சத்தமா சொல்லு. … பெரியம்மா அக்கா பையன் கைய எறக்கிட்டாரா. … கொளஞ்சியம்மா தம்பியும் எறக்கிட்டாரா. இன்னும்? … ம். … ம். … ரெண்டாவது வார்டு அக்கா வூட்டுக்காரரு, தலைவரப் பாத்துகினே எறக்கறாரா. … சரி. இப்ப எத்தினி? திரும்பி எண்ணு, அவசரமில்ல.

ஏழா? … நல்லா எண்ணனியா? … பதினஞ்சுல ஏழு. பாதி கூட இல்ல.

… தலைவர் இன்னா சொல்றாரு? … ஒத்தி வைக்கறாரா. எப்ப வரைக்கும்? … அடுத்த கூட்டம். சரிங்க. வரன்ங்க, நானே வரன். மத்த ஏழு பொம்பள கவுன்சிலருங்க வூட்டுலயும் நேர்ல போயி சொல்லிட்டுத்தான் வருவன்.

… ஸ்பீக்கர எடுத்துட்டியா. வெளிய வந்துட்டியா. … இல்லம்மா, பூட்டு அப்பிடியேதான் இருக்குது, இன்னும் ஒண்ணும் தொறக்கல. இடிக்காம நிக்குது, இன்னிக்கி அவ்ளோதான்.

… இரு, இன்னொரு கால் வருது. … அவருதான். ஆபீஸ் வாசல்லேர்ந்து பண்றாரு போலிருக்குது. … கட் ஆயிடுச்சி. … திரும்பியும் பண்றாரு.

… எடுக்கறன்மா. எடுத்துத்தான ஆவணும். நீ வையி.