வெட்டிய மல்லி

மாசி கடைசி. பெருநகர் கிராமத்திலிருந்து உத்திரமேரூர் போகும் காலை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டுக்காரர், பக்கத்திலிருந்த இளைஞரிடம் சொன்னார்: “சாவட்டும்னுதான் வெட்னேன். அது இன்னாடான்னா பூத்துக்கினு கீது.”

மடியில் ஈரத்துணி சுற்றிய பொட்டலம் ஒன்று வைத்திருந்தார்.

“எது மாமா?”

“வூட்டாண்ட கீற மல்லிச்செடி. பொண்ணு வெச்சது. தையில அவ எவனையோ கட்டிக்கினு போய்ட்டா இல்ல, அந்த ஆத்திரத்துல ஒரு கிளை வுடாம வெட்டிட்டேன். தண்ணியும் ஊத்தக்கூடாதுன்னுட்டேன்.”

இளைஞர் சிரித்துவிட்டார். “தையில வெட்டி, காயப்போட்டு, அப்புறம் தண்ணி வுட்டா மல்லி பூக்காம இன்னா பண்ணும்? எங்க தோட்டத்துல வருசா வருசம் அதத்தான் பண்றோம். ஆனா யாரோ தண்ணி வுட்டுக்கீறாங்க.”

“உங்க அத்தைதான். வேற யாரு?”

“அத்தை அந்தப் பூவ வெச்சிக்கினாங்களா?”

“எங்க? பொண்ணு போனதுலேர்ந்து அவ தலையில பூவே வெக்கல. இன்னிக்கு விடியக்கால மொட்டெல்லாம் பறிச்சி, கட்டி, என் கையில குடுத்துட்டு உள்ள போய்ட்டா. யாருக்குன்னு சொல்லல.”

இளைஞர் மடியிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார்.

“பொண்ணு வூடு தெரியுமா, மாமா?”

“உத்திரமேரூர்ல கீறாளாம். எந்தத் தெருன்னு தெரியாது.”

“அப்புறம் எப்டி?”

அவர் துணியைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் ஈரமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

“தேடணும். பொழுது சாயறதுக்குள்ள தேடிடணும். மொட்டு மலர்ந்துடும்.”