ஒரு கைப்பிடி வெட்டுக்காயப் பூண்டு

மாலை நான்கு பத்து. ஓடுகிறோம். நானும் என் மகள் ராஜமும். 1942, ஆகஸ்ட். தல்லாகுளம். ஊர்வலத்துக்கு நாங்கள் போகவில்லை. பள்ளி முடிந்து வீடு திரும்பினோம். அவ்வளவுதான்.

ஒரு சத்தம். காய்ந்த தென்னைமட்டை முறிவதுபோல. பிறகு இரண்டு. யாரோ கத்துகிறார்கள்.

"குனி! தரையில படு!"

ராஜம் தன் மேல்கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். விரலிடுக்கில் ரத்தம்.

வீட்டுக்குள் இழுத்துவந்து தாழிட்டேன். மேல்கைச் சதையைக் குண்டு கிழித்திருந்தது. துணி கட்டினேன். நனைந்தது. காப்பித்தூளை அப்பினேன். அதையும் ரத்தம் அடித்துக்கொண்டு போனது. ஆஸ்பத்திரிக்கு வழியில்லை. ஊரடங்கு. தெருவில் தலை தெரிந்தால் சுடுவோம் என்று தமுக்கடிக்கிறார்கள்.

கொல்லையில் பேச்சி மாட்டிக்கொண்டிருந்தாள். ஒத்தக்கடைப் பக்கத்திலிருந்து என் பசுவுக்குப் புல் கொண்டுவருபவள். காயத்தைப் பார்த்தாள். வெட்டுக்காயப் பூண்டை நசுக்கி வைத்தால் ரத்தம் நிற்கும் என்றாள்.

அது என் கொல்லையில் காடாய்க் கிடந்தது. முந்தின நாள்தான் அவளை விட்டே வேரோடு பிடுங்கிக் குப்பையோடு எரிக்கவைத்தேன். அவசரத்துக்கு ஆகும், கிடக்கட்டும் என்று அவள் சொன்னாள். களை களைதான் என்றேன். வகுப்பில் செடிகொடிப் பாடம் நடத்துகிறவள் நான். அதே பூவைக் கரும்பலகையில் வரைந்து பாகம் குறித்தவள்.

"நேத்துக் குப்பைன்னீக. இன்னிக்குத் தேடுறீக," என்றாள் பேச்சி.

எதிர்ச் சாக்கடையோரம் மஞ்சள் பூ தெரிந்தது. இருபது தப்படி தூரம் இருக்கும். புல்லுக்காரியை ஒன்றும் செய்யமாட்டார்கள், போய் வா என்றேன். நான்தான் சொன்னேன். இதை எழுதாமல் விட முடியாது.

அரிவாளை வைத்துவிட்டு வெறுங்கையோடு போனாள்.

"ஏய், நில்லு!" தெருமுனையிலிருந்து போலீஸ்காரன் குரல்.

ஒரு சத்தம். ஒன்றே ஒன்று. ஐந்து மணி ஆகியிருந்தது.

வந்துவிட்டாள். மடியில் ஒரு கைப்பிடித் தழை. வாங்கி அம்மியில் நசுக்கினேன். அத்தனையையும் ராஜத்தின் கையில் வைத்துக் கட்டினேன். ரத்தம் நின்றது.

அப்புறம்தான் திரும்பினேன். பேச்சி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். தொடையிலிருந்து தரையெல்லாம் ரத்தம். ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன்.

"சொன்னேன் டீச்சரம்மா. ஒங்க காதுல விழல."

என் புடவைகளைக் கிழித்துக் கட்டினேன். நான்கு புடவைகள். தழை இல்லை. விடிவதற்குள் போய்விட்டாள்.

ராஜத்துக்கு இரண்டு விரல் இன்றும் மடங்காது. பேச்சியின் அரிவாள் என் கொல்லையில் இருக்கிறது. பேச்சி இல்லை. இழந்தது இவ்வளவு.

ஊரடங்கைத் தளர்த்தியதும் அவள் புருஷன் வந்து சேர்ந்தார். காலை ஏழரை. ஒத்தக்கடையிலிருந்து நடந்தே வந்திருந்தார். பேச்சியைப் பார்த்தார். அவள் தழை பறிக்கப் போன கதையைச் சொன்னேன். ராஜத்தின் கைக்கட்டில் ஊறியிருந்த பச்சைச் சாற்றைப் பார்த்தார்.

"அம்புட்டுத் தழையும் இந்தக் கைக்கே ஆயிருச்சா, டீச்சரம்மா?"