அவளுக்குத் தெரிந்த மூன்று சொற்கள்

எழுபதுகளில் ஒருநாள், கிழக்கேகோட்டையிலிருந்து விழிஞ்ஞம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள். இளையவளின் மடியில் பத்து வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி, வாயோரம் எச்சில் வழிய ஜன்னல் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள வச்சுப் பூட்டிட்டுத்தான் அக்கா நான் கட்டட வேலைக்குப் போறேன்."

"பிள்ளையையா?"

"வேற என்ன செய்ய? கதவு திறந்திருந்தா ரோட்டுக்கு ஓடிருவா."

"இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குன்னு ஒரு பள்ளிக்கூடம் இருக்குன்னு சொன்னேனே. போகலியா?"

"அங்க இருந்துதான் வாறோம். டீச்சர் நல்ல மனுஷிதான். ஆனா சொல்லிக் குடுக்கது எல்லாம் மலையாளமாம். இவளுக்குப் புரியது தண்ணி, பசி, தூங்கு, இவ்வளவுதான். இந்தத் தமிழை மனசுல ஏத்தவே நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். புதுசா இன்னொரு பாஷை பேசினா பிள்ளை மிரண்டுரும், நாகர்கோவில் பக்கம் விசாரிச்சுப் பாருங்கன்னு அனுப்பிட்டாங்க."

"அங்க அப்படிப் பள்ளிக்கூடம் இருக்கா?"

"ஆருக்குத் தெரியும்?"

மூத்தவள் முந்தானையால் சிறுமியின் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள்.

"அம்மாங்கது ரெண்டு பாஷையிலயும் ஒண்ணுதானே. அதையாவது டீச்சர்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"அப்படி இவ என்னை இன்னும் கூப்பிடலியே அக்கா."