நான் எறங்க மாட்டேண்ணா

கத்தலண்ணா, கத்தல. தோ, வாயக் கையால பொத்திக்கினேன் பாரு. அந்த ஸ்குரூ டிரைவர மட்டும் கீழ வெச்சிட்டு ரோட்டப் பாத்து ஓட்டு. நான் பின்னாடி சீட்டாண்ட குனிஞ்சி, கால் வெக்கற மேட்டத் தொடச்சிகினு கெடந்தது உனக்குத் தெரியல, நீ வந்து குந்தினது எனக்குத் தெரியல. ரெண்டு பேருக்கும் நேரம் சரியில்ல, வேற இன்னா சொல்றது.

என்னவிட நீ சின்னவனாத்தான் தெரியற. பயத்துல வாயில அண்ணாதான் வருது, கோச்சிக்காத.

நான் யாரா? பச்சையம்மா. செம்பாக்கத்துல ஏரிக்கு அந்தாண்ட என் வூடு. காலனியில ஆறு வண்டி கழுவறேன். அதுல இந்தச் செவப்பு வண்டிதான் ஒஸ்தி. ஷ்யாம்சுந்தர் சாருக்கு இது வண்டியே இல்ல, பெத்த புள்ள. கதவக்கூட டபார்னு சாத்தக் கூடாது, வெரலால தள்ளணும்னு எனக்கு ரெண்டு நாளு கிளாஸ் எடுத்தாரு மனுசன்.

சாவி எங்கயா? எனக்கின்னா தெரியும். சாரு உள்ளயே எங்கனா வெச்சிட்டிருப்பாரு, இல்லாங்காட்டி நீ பட்டன அழுத்தனதும் கெளம்புமா? அப்பால தேடிக்கோ, இப்ப ரோட்டப் பாரு.

இந்த வண்டிக்கு எம்மாம் பந்தோபஸ்து தெரியுமா? கேட்டுக்கு ரெண்டு பூட்டு, மாடியில கேமரா. ஸ்டீரிங்குக்குக் குறுக்கால இம்மாம் பெரிய இரும்பு லாக்கு. சாவிய எவர்சில்வர் சம்படத்துல போட்டு மூடி வெப்பாரு. வெளிய நின்னுகினே ஏதோ மிசின வெச்சி சாவியோட சிக்னல இஸ்துக்குவானுங்களாம், எவர்சில்வருக்குள்ள கெடந்தா அது நடக்காதாம். நான்கூட சிரிச்சிருக்கேன், கொழந்தைக்கு முறுக்கு ஒளிச்சி வெக்கற மாதிரி கீதேன்னு.

நீ கரீட்டா ஆயுத பூஜையாப் பாத்து வந்த. இன்னிக்குக் காலைல மாளவிகா அம்மா, அதான் சாரு சம்சாரம், அந்த இரும்பு லாக்கக் கயட்டி, தொடச்சி, சந்தனம் குங்குமம் வெச்சி சாமி முன்னால படுக்கப் போட்டுட்டாங்க. இதுவும் ஆயுதம்தானே பச்சையம்மான்னாங்க. பூசணிக்கா ஒடைக்கறதுக்கு கேட்டத் தொறந்து வெச்சாச்சு. சாரு குளிக்கப் போயிட்டாரு. வருசம் பூரா காவல் காத்தவங்க இன்னிக்கு ஒரு நாளு காவலையே கும்புடப் போயிட்டாங்க. நாலு டயருக்கடியிலயும் எலுமிச்சம்பழம் நான்தான் வெச்சேன். சூடம்கூடக் காட்டல, நீ ஏத்திட்டு வந்துட்ட.

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலா இது? அண்ணா, ஜன்னல எறக்கேன், கொமட்டிகினு வருது. பின்னாடி ஜன்னலு எறங்காது, முன்னாடி உன் பக்கத்து சீட்டு ஜன்னல எறக்கு. தலைய மட்டும் நீட்டிக்கறேன். சத்தியமா கத்த மாட்டேன். சாரு சீட்ல எடுத்துட்டா எனக்குத்தான் கேவலம்.

அப்பாடா. இல்ல, ஒண்ணும் ஆவல, வெறும் தண்ணிதான். கையிலேர்ந்து தொடைக்கற துணிதான் வுழுந்துடுச்சி, போவட்டும், பழைய மஞ்சத்துணி. அதோ பூக்கடையா? அது செல்வமேரி. தெனம் பாக்கற மூஞ்சிதான். அவ என்னக் கவனிக்கலண்ணா, பூசணிக்கா யாவாரத்துல கீறா. நான் ஒரு வார்த்த பேசல, நீதான் பாத்துகினு இருந்தியே.

அது இன்னா கீங் கீங்னு கத்துதா? பெல்ட்டு போடலல்ல, அதான். சாருக்கும் இப்டிதான் கத்தும். எழுத்தா? எனக்கு இங்கிலீசு தெரியாதுண்ணா. நீ அத்தப் படிச்சிகினு இருக்காத, பஸ்ஸு வருது பாரு. செத்துடுவோம்.

இன்னாது, கேம்ப் ரோட்டுல எறக்கி வுடறியா?

நான் எறங்க மாட்டேண்ணா.

பைத்தியம்லாம் புடிக்கல. பயம்தான். உன்னப் பாத்தாலும் பயம், எறங்கறதுன்னாலும் பயம். நீயே யோசி. அங்க இன்னா பேசிகினு இருப்பாங்க இப்ப? வண்டியும் காணோம், பச்சையம்மாவும் காணோம். நான் பஸ்ஸப் புடிச்சி போயி, சாரு, திருடன் என்னக் கேம்ப் ரோட்டுல எறக்கி வுட்டுட்டான்னு சொன்னா, நம்புவாங்களா? நீயா இருந்தா நம்புவியா?

எங்க தெருவுல கன்னியம்மான்னு ஒருத்தி. வூட்டு வேல செய்யறவ. போன வருசம் அவ வேல செஞ்ச வூட்டுல பைக்கு காணாமப் போச்சி. மொதல்ல யாரக் கூட்டிகினு போனாங்க? அவளத்தான். ரெண்டு நாளு ஸ்டேசன்ல குந்த வெச்சி அனுப்புனாங்க. ஒரு வாரத்துல பைக்கு கெடச்சிடுச்சி, எடுத்தவன் வேற எவனோ. யாரும் வந்து மன்னிச்சிக்கோன்னு சொல்லல. வேலைக்கும் கூப்புடல. இப்ப அவ தெருவுல நடந்தா ஜனங்க செருப்ப எடுத்து உள்ள வெக்குதுங்க. எனக்கு ஆறு வூடுண்ணா. ஆறு வூட்லயும் கேட்டு சாவி என்னாண்டதான் குடுத்துட்டுத் தூங்குவாங்க. அந்தப் பேரு போச்சின்னா நான் செத்ததுக்கு சமானம்.

அதோ இரும்புலியூர்ல போலீசு நிக்குது. பாத்துட்டேன், பாத்துட்டேன், அந்த ஸ்குரூ டிரைவர எடுக்காத. தலையக் குனிஞ்சிக்கறேன். இப்ப கத்தினாதான் இன்னா? திருட்டு வண்டில உன்கூட குந்திகினு கீறேன், கூட்டாளின்னு எழுதிடுவாங்க. மாரியாத்தா, இது இன்னா பேஜாரு.

தாண்டிட்டோமா? ஒடம்பெல்லாம் வேர்த்து ஊத்துது.

அண்ணா, அந்த மஞ்ச லைட்டு பாத்தியா, பெட்ரோல் பங்க் படம் போட்டு எரியுதே. எழுத்துதான் தெரியாது, படம் தெரியும். பூஜ முடிஞ்சதும் மொத வேலையா பெட்ரோல் போடணும்னு சாரு நேத்தே சொன்னாரு. நீ எங்க போவணும், மறைமலை நகரா? அம்மாந்தூரம் வராது. நடு ரோட்டுல நின்னா ஆளுங்க கூடிப்பாங்க, செவப்பு வண்டின்னா செல்போன்ல படம் வேற எடுப்பானுங்க. பெருங்களத்தூர் தாண்டி பங்க் கீது, போட்டுக்கோ. நான் மூச்சு வுட மாட்டேன். எனக்கு இன்னா, உன்ன மாட்டி வுட்டா நானும்தானே மாட்டுவேன்.

ம், இங்கதான். கூட்டமாத்தான் கீது, இன்னிக்கு எல்லா வண்டிக்கும் மாலையும் பொட்டும். நம்ம வண்டியும் அப்டிதானே கீது, யாரு கேக்கப் போறாங்க. பங்க்காரரு கைய ஆட்டறாரு பாரு. இன்ஜின ஆஃப் பண்ணச் சொல்றாரு. ஆஃப் பண்ணாதான் ஊத்துவாங்க, தெரியாதா. அணைச்சிடு.

அணைச்சிட்டியா?

அப்பா. மாரியாத்தா.

இல்லண்ணா, அழல. சொம்மா தண்ணி வருது கண்ணுல. பெட்ரோல் போட்டாச்சில்ல, அழுத்து. இன்னொருவாட்டி அழுத்திப் பாரு. கெளம்பாதுண்ணா. ஓடிகினு இருக்கறவரைக்கும் ஓடும், ஒருவாட்டி அணைச்சா சாவி உள்ள இல்லாம கெளம்பாதுன்னு சாரு சொல்லிக் குடுத்துருக்காரு. பெல்ட்டுக்குக் கத்தலண்ணா அது. சாவியக் காணோம்னு கத்துச்சி.

சாவி என் இடுப்புலதான் இருந்துச்சி. உள்ள தொடைக்கறதுக்கு மாளவிகா அம்மா குடுத்தாங்க, முடிச்சதும் எடுத்துகினு வா, பூஜையில வெக்கணும்னாங்க. அத்தொட்டுதான் உனக்கு வண்டி கெளம்பிச்சி. இப்ப அது ராஜகீழ்ப்பாக்கத்துல, அந்த மஞ்சத்துணில முடிஞ்சி, செல்வமேரி காலாண்ட கெடக்குது. என் துணிய அவளுக்குத் தெரியும். சாவியில சாரோட நம்பரு கீது. இந்நேரம் போன் போட்டிருப்பா.

என்ன அப்டிப் பாக்காத. குத்தறதுன்னா குத்து, சுத்தி இருவது பேரு நிக்கறாங்க. இல்ல, எறங்கி ஓடிடு. நான் எறங்க மாட்டேன், சொன்னேன்ல. வண்டி கெடைக்கறப்போ நானும் வண்டிக்குள்ளயே கெடைக்கணும்.

போண்ணா. கதவ மட்டும் டபார்னு சாத்தாத, சாரு திட்டுவாரு.